பைரட்ஸ் கேம்ல ஆழமில்லாத தண்ணிக்குள்ள எப்பிடி போறது? புதையல் இருக்கிற கரைக்கு கிட்டவே போக ஏலாம இருக்கு

ஹட்டன்_கப்பல்காரன்:
எல்லாருக்கும் வணக்கம், சிட் மெயர்ஸ் பைரட்ஸ்னு கடற்கொள்ளைக்காரன் கேம் ஒண்ணு 2004ல வந்தது இருக்குதானே, அதத்தான் இப்ப வெளையாடிக்கிட்டு இருக்கேன். பழைய லெப்டொப்லயும் ஓடுது, நெட்டும் தேவையில்ல. நம்ம தோட்டப்பக்கம் மழை இறங்கிச்சுன்னா சிக்னல் என்ன ஆகும்னு சொல்ல தேவையில்ல, ஒன்லைன் கேம் எல்லாம் நமக்கு சரிவராது. விசயம் என்னன்னா சாராயக்கடையில பின்னால மூலையில ஒரு ஆள் உக்காந்திருப்பான் பாருங்க, அவன்கிட்ட காசு குடுத்து மெப் துண்டு வாங்கினேன். அதுல ஒரு கல் வளைவு, கொஞ்சம் கரை, ஒரு எக்ஸ் இருக்கு. கரை வளையிறத பாத்தா ஃப்ளோரிடாவோட தெக்கு முனை மாதிரி தெரியுது. ஆனா அங்க கிட்ட போனா தண்ணி வெளிர் நீலமாகுது, கப்பல் அடிபட ஆரம்பிக்குது. சுத்தி சுத்தி வாரேன், உள்ள போக வழியே காணோம், கப்பல்ல இருக்கிறவனுங்க வேற முணுமுணுக்கிறானுங்க. வெச்சிருக்கிறது ஃப்ரிகேட், பெரிய போர்க்கப்பல். இதுக்குள்ள போக ரகசிய பாதை ஏதும் இருக்கா இல்ல நான் எடத்தையே தப்பா பாக்குறேனா?

தலவாக்கலை_தம்பி:
யூடியூப்ல தேடுங்க ப்ரோ நெறைய இருக்கு

மஸ்கெலியா_நங்கூரம்:
யூடியூப்ல தேட டேட்டா யாரு போடுறது, நீயா? 😄

ஹட்டன் தம்பி, எடம் சரியா பிழையான்னு பொறகு பாப்போம், மொதல்ல கப்பல மாத்து. ரகசிய பாதைன்னு ஒண்ணும் இல்ல. வெளிர் நிறத்துல தெரியிறது மணல் திட்டும் பவளப்பாறையும், பெரிய கப்பல் அதுமேல போனா அடி வாங்கிக்கிட்டே இருக்கும். ஸ்லூப், பின்னஸ் மாதிரி சின்னக் கப்பலுக்கு அந்த பிரச்சின இல்ல, மேலால சும்மா போயிரும். ஃப்ரிகேட்ட கொண்டு போய் அங்க விடுறது லயத்து ரோட்டுல கொழும்பு பஸ்ஸ விட்ட கதைதான். ஃப்ரிகேட்ட விக்கவும் வேணாம், உன் கூட்டத்துல 8 கப்பல் வரைக்கும் வெச்சிக்கலாம், ஊர் அடிக்க போகும்போது அது வேணும். புதையல் தேட போறப்ப மட்டும் ஸ்லூப்ப ஃபிளாக்ஷிப்பா, அதாவது நீ நிக்கிற தலைமைக் கப்பலா மாத்திக்கிட்டு போ.

இன்னொண்ணு, காத்து. கரீபியன்ல காத்து அனேகமா கெழக்குல இருந்துதான் அடிக்கும். நீ மெக்ஸிக்கோ பக்கம் எங்கயாவது நின்னுக்கிட்டு ஃப்ளோரிடாவுக்கு வரணும்னா காத்துக்கு எதுர்த்து வரணும், பெரிய கப்பல்ல அது உயிர வாங்கிரும், நாள் ஓடும், சாப்பாடு முடியும், அதுதான் உன் ஆளுங்க முணுமுணுக்கிறதும். ஸ்லூப் காத்துக்கு எதுத்தாப்பல கொஞ்சமாவது சாய்ஞ்சு சாய்ஞ்சு ஏறும். கேம் தொடங்கும்போது நேவிகேஷன் ஸ்கில் எடுத்தியா? எடுத்திருந்தா இன்னும் சுகம். நெறைய பேர் வாள்சண்டை எடுத்துட்டு அப்புறம் கப்பல் நகருதில்லன்னு அழுவானுங்க.

பண்டாரவளை_மிஸ்ட்:
நங்கூரம் அண்ணே சொல்றது சரிதான், ஆனா ஒரு புதையலுக்காக கப்பல மாத்தணுமா என்ன? இந்த கேம்ல துறைமுகம் இருந்தாத்தான் எறங்கணும்னு இல்லையே, கரையில எங்க வேணும்னாலும் முட்டி எறங்கலாம். செயின்ட் அகஸ்டின்னு ஒரு ஊர் ஃப்ளோரிடாவோட கெழக்கு கரையில இருக்கு, அந்த பக்கம் ஆழமான தண்ணி தொடுற எடமா பாத்து எறங்கி தெக்கால நடந்து வந்தா ஃப்ரிகேட்டுக்கு ஒரு கீறல் கூட விழாது. நான் அப்பிடித்தான் செய்வேன்.

மெப்ப வாசிக்கிற விதம்தான் முக்கியம். எல்லாரும் எக்ஸையே பாத்துக்கிட்டு இருப்பாங்க, எக்ஸ் தரையில பெருசா எழுதி ஒண்ணும் இருக்காது, புதைச்ச எடம் நீ கிட்ட போனாத்தான் கண்ணுக்கு தெரியும். தூரத்துல இருந்து தெரியிறது அந்த கல் வளைவு, ஒடஞ்ச கப்பல், கல்லுல செஞ்ச பெரிய தலை மாதிரி அடையாளங்கள் மட்டுந்தான். அதனால மொதல்ல கரையோட வளைவ பெரிய மெப்போட ஒத்து பாரு, அப்புறம் கல் வளைவ கண்டுபிடி, அதுக்கு எக்ஸ் எந்த பக்கம்னு பாத்து நட. ஒரு துண்டு மட்டும் வெச்சிக்கிட்டு ஓடாத, மிச்ச துண்டையும் வாங்கினா பக்கத்து ஊர் பேரு ஏதும் தெரிஞ்சாலும் தெரியும். எறங்க முன்னாடி ஒரு சேவ் போட்டுக்க.

மஸ்கெலியா_நங்கூரம்:
தங்கச்சி, அவ்வளவு தூரம் நடந்தா அந்த நாள் யாரு கணக்குல போறது? இந்த கேம்ல ஆளுக்கு வயசு ஏறும், வயசு போனா வாள்சண்டையில கை ஓடாது. நடக்கிற நேரத்துல ஸ்லூப்ல ரெண்டு புதையல் எடுத்துரலாம். வேகந்தானே முக்கியம்.

பண்டாரவளை_மிஸ்ட்:
அப்ரண்டிஸ்னு ஆக சுலபமான லெவல்ல வெளையாடுறவருக்கு ஏன் அண்ணே இவ்வளவு அவசரம் 😂

மன்னார்_வள்ளம்:
பேராதனையில படிக்கிற மன்னார்க்காரன் நான், இதுல மூக்க நுழைக்கலாம்தானே. ஆழமில்லாத கடல் எங்களுக்கு புதுசில்ல, ராமர் பாலத்து மணல் திட்டால பெரிய கப்பல் வராது, இலங்கைய சுத்தித்தான் போகணும், வள்ளம் வெச்சிருக்கிறவன் மட்டும் அங்க உள்ளுக்க போய் வருவான்.

கேம்ல இருக்கிறது சும்மா கற்பனையும் இல்ல. பிளாக்பியர்ட்னு உண்மையான கடற்கொள்ளைக்காரன் ஒருத்தன் இருந்தான்தானே, கேம்லயும் வாரான், அவன்ட பெரிய கப்பல் குயீன் ஆன்ஸ் ரிவெஞ்ச் 1718ல வட கரோலினாவில போஃபோர்ட் கடல்வாயில மணல்ல ஏறி நிண்டுட்டுது. அதுக்குப் பிறகு அவன் சின்ன ஸ்லூப்லதான் திரிஞ்சான், ஓக்ரகோக் தீவுக்கு பக்கத்துல ஆழமில்லாத தண்ணிக்குள்ள போய் ஒளிஞ்சிருந்தான். அவன பிடிக்க வந்த ராயல் நேவிட பெரிய கப்பலுகள் அதுக்குள்ள வர ஏலாது, அதனால லெப்டினன்ட் மேனார்ட் ரெண்டு ஸ்லூப்ப எடுத்துக்கொண்டு வந்தார், ரெண்டுலயும் பீரங்கியே இல்ல. அதுகளும் தரை தட்டிச்சு, அடியில பாரத்துக்கு வெச்சிருந்ததயெல்லாம் தூக்கி கடல்ல எறிஞ்சுதான் திரும்ப மிதக்க விட்டாங்க. அந்த சண்டையிலதான் பிளாக்பியர்ட் செத்தான், அதே 1718 நவம்பர். மூழ்கின அந்த பெரிய கப்பல 1996ல கண்டுபிடிச்சாங்க.

அதனால என்ட வோட்டு ஸ்லூப்புக்கு. மிஸ்ட் அக்கா கோவிக்கக்கூடாது.

பண்டாரவளை_மிஸ்ட்:
கோவம் எல்லாம் இல்ல தம்பி, பீரங்கி இல்லாத ஸ்லூப்ல போனவருக்கும் கடைசில தரை தட்டிச்சுன்னு நீங்களே சொல்லிட்டீங்க, அத கவனிச்சுக்கிறேன்.

ஹட்டன்_கப்பல்காரன்:
ஐயோ இவ்வளவு பதில் வரும்னு நினைக்கல, ரொம்ப நன்றி. ஸ்லூப் ஒண்ணு ஏற்கனவே பின்னால வந்துக்கிட்டுதான் இருக்கு, அதுலயே போறேன். ஆனா இன்னொரு தலைவலி, என் லெப்டொப்ல வலப்பக்கம் நம்பர் பேட் இல்ல, காத்துக்கு சாய்ஞ்சு போறதுன்னா அடிக்கடி திருப்பணும், மவுஸ்ல திருப்பினா கப்பல் குடிச்சவன் மாதிரி போகுது. என்ன செய்யிறது?

மஸ்கெலியா_நங்கூரம்:
அத மொதல்லயே சொல்லியிருக்கலாமே. இந்த கேமே நம்பர் பேட்ட நம்பி செஞ்சதுதான், 4 இடப்பக்கம், 6 வலப்பக்கம். டவுன்ல கொம்பியூட்டர் கடையில யூஎஸ்பி நம்பர் பேட்னு கேளு, கல்குலேட்டர் சைஸ்ல தனியா விக்கிறாங்க, குத்தினா போதும் வேல செய்யும். வாங்கி வந்ததும் நம்லொக் ஒன்ல இருக்கான்னு மட்டும் பாத்துக்க. வாள்சண்டைக்கும் அதுதான் வேணும், இல்லாட்டி கவர்னர் மகள பாக்க போற நேரம் டான்ஸ்லயும் கால் தடுக்கி விழுவ.