கொடை வரிக் கணக்கு கலைந்துவிட்டது, பழையபடி கொண்டுவர வழி உண்டா? அவசரம்

மேலத்தெரு:
அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு பிரிக்கிற வரிக் கணக்கை கூகுள் ஷீட்டில் போட்டு வைத்திருந்தோம். இன்று திறந்தால் பெயர் ஒன்று, தொகை ஒன்று. முழுசாகக் கட்டியவருக்கு நேரே பாக்கி. ஒரு பைசா தராதவருக்கு நேரே 2,500 வரவு! செவ்வாய் கால்நாட்டு, பந்தக்கால் நடுகிற நாள், அதற்குள் சரியாக வேண்டும். யாராவது சொல்லுங்கள்.

குறுக்குத்துறை:
போனா, கம்ப்யூட்டரா? ஷீட் யார் பெயரில் இருக்கிறது?

முக்கூடல் தம்பி:
எக்செல்லில் செய்து டிரைவில் ஏற்றிய ஃபைலாகத்தான் இருக்கும். அதன்மேல் புதிது புதிதாக ஏற்றிக்கொண்டே போனால் பழையது 30 நாளில் போய்விடும், 100 பதிப்பு தாண்டினாலும் போய்விடும். எனக்கு அப்படித்தான் ஆனது.

கணக்கப்பிள்ளை:
இதை எத்தனை தடவைதான் சொல்வது? ஃபைல் மெனு, வெர்ஷன் ஹிஸ்டரி. கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், ஹெச் நான்கையும் சேர்த்து அழுத்தினாலும் வரும். இதுகூடத் தெரியாமல் ஊர்ப் பணத்துக்குக் கணக்கு எழுத உட்கார்ந்தால் எப்படி வே?

மேலத்தெரு:
லேப்டாப்தான். எக்செல் இல்லை, ஷீட்டிலேயே அடித்தது. அந்த மெனு மங்கலாகக் கிடக்கிறது, அமுக்கினால் அசையவில்லை.

குறுக்குத்துறை:
அப்படியென்றால் உங்களுக்குப் பார்க்கிற உரிமை மட்டும்தான். எடிட்டர் உரிமை இருந்தால்தான் பழைய பதிப்பைத் திறக்கலாம். யாருக்கெல்லாம் அது இருக்கிறது?

மேலத்தெரு:
கமிட்டியில் ஐந்து பேருக்கு.

செங்கோட்டை பாசஞ்சர்:
இதற்குத்தான் எங்கள் ஊரில் இன்னும் நீள நோட்டு. எந்த மெனுவும் மங்காது.

முக்கூடல் தம்பி:
நோட்டில் அடித்துத் திருத்தினால் அடித்தது யார் என்று தெரியுமா அண்ணாச்சி? இதில் பெயரும் நேரமும் விழும். லிங்க் கிடைத்த எல்லோரும் எழுதலாம் என்று விட்டால்தான் அனானிமஸ் என்று காட்டும்.

செங்கோட்டை பாசஞ்சர்:
கையெழுத்தைப் பார்த்தால் தெரியாதா? அது கிடக்கட்டும், கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன மகனுக்குத் தனித் தலைக்கட்டா, அதாவது வரிக்குத் தனிக் குடும்பமா, அப்பனோடு சேர்த்தியா? உங்கள் ஷீட் சொல்லுமா?

கணக்கப்பிள்ளை:
அடுப்பு ரெண்டானால் தலைக்கட்டு ரெண்டு. இதில் சந்தேகமே இல்லை.

முக்கூடல் தம்பி:
சென்னையில் அடுப்பு வைத்திருப்பவனுக்கு இங்கே எதற்கு வரி?

தாழையூத்து:
தலைக்கட்டுப் பஞ்சாயத்தைக் கொஞ்சம் நிறுத்துங்கள். மேலத்தெரு அண்ணாச்சி, இப்போது முதல் பெயர் என்ன? முன்னால் என்ன இருந்தது?

மேலத்தெரு:
இப்போது அய்யாத்துரை. முன்னால் கீழத்தெரு முதல் வீட்டில் தொடங்கி வீட்டு வரிசையாக இருந்தது.

தாழையூத்து:
அப்போ சரி. யாரோ பெயர் பத்தியை மட்டும் பிடித்து அகர வரிசையாக்கிவிட்டார். தொகை இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. ஐந்து பேரில் ஒருவரைத் திறக்கச் சொல்லுங்கள். ஆனால் ரீஸ்டோர் அமுக்க வேண்டாம். அது முழு ஷீட்டையும் எல்லோருக்கும் பின்னால் இழுத்துவிடும், கலைந்தபிறகு ஏற்றிய வரவும் பார்வையில் இருந்து போய்விடும். அழியாது, ஹிஸ்டரியில் இருக்கும், ஆனால் கால்நாட்டு நேரத்தில் யார் தேடுவது? கலைவதற்கு முந்தைய பதிப்பின் பக்கத்தில் மூன்று புள்ளி இருக்கும். அதில் மேக் எ காப்பி கொடுத்தால் தனி ஷீட்டாக வரும். புது வரவை ரசீதுப் புத்தகத்தைப் பார்த்து அதில் ஏற்றிக்கொள்ளுங்கள். இனிமேல் பாக்கிக்காரரை மட்டும் பார்க்க வேண்டுமென்றால் ஃபில்டர் வியூ போடச் சொல்லுங்கள், மற்றவர் பார்வை கலையாது.

கணக்கப்பிள்ளை:
நான் சொன்னதைத்தான் நீட்டிச் சொல்கிறார். கால்நாட்டு அன்று அந்தப் பதிப்புக்கு ஒரு பெயர் வைத்துவிடுங்கள். ஷீட்டில் 15 வரை வைக்கலாம்.

மேலத்தெரு:
கிடைத்துவிட்டது. வியாழன் ராத்திரி 10.40க்குக் கலைந்திருக்கிறது. பெயரைப் பார்த்தால் நம்ம பொருளாளரேதான். ஊருக்குள் மூச்சு விடவில்லை. நன்றி.

தாழையூத்து:
புது ரசீதுகளை ஏற்றியாயிற்றா?

செங்கோட்டை பாசஞ்சர்:
ஆள் பந்தல் வேலைக்குப் போயிருப்பார். கணக்கப்பிள்ளை, அடுப்பு ரெண்டு, ரேஷன் கார்டு ஒன்று. அதற்கு என்ன சொல்கிறீர்?