புதுப்பிப்பு: ட்ரவன் வடக்கு முகட்டுக்குக் கயிறு வேண்டுமா?

வேல்ஸில் ட்ரவன் மலையின் வடக்கு முகட்டில் ஏறக் கயிறு தேவையா என்று முன்பு கேட்டிருந்தேன். ஏறி வந்துவிட்டேன், 917 மீட்டர் உச்சி வரை!

பாறை காய்ந்திருந்தால், பழகியவர்களுக்குக் கயிறு இல்லாமலே முடியும். முதல் நிலை, அதாவது மிக எளிய நிலை ஸ்கிராம்பிளிங்தான் (கையும் காலும் ஊன்றிப் பாறையில் ஏறுவது), பிடிகள் பெரியவை. ஆனாலும் ஒவ்வொன்றையும் அசைத்துப் பார்த்த பிறகே எடையைப் போட்டோம். உண்மையான சிரமம் வழி கண்டுபிடிப்பதில்: கால்தடங்கள் இடப்பக்கமாக, கிழக்குச் சரிவுக்கு இழுத்துக்கொண்டே போகும். முகட்டின் மேலேயே இருங்கள், அழகு முழுக்க அங்கேதான்.

உச்சிக்கு முன் ஒரு பிளவில் இறங்கி ஏற வேண்டும். குட்டைக் கயிறு எடுத்துப்போகச் சொன்னவருக்கு மனமார்ந்த நன்றி, அங்கே தோழிக்கு அதுதான் தைரியம் தந்தது. உச்சியில் ஆதாம், ஏவாள் என்ற இரட்டைக் கற்கள் உண்டு; ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாண்டுவது வழக்கம். நாங்கள் தாண்டவில்லை, காற்று பலமாக இருந்தது. மழை நாளில் போகாதீர்கள்.