தனியாவா ஆத்தா? ராமேசுவரத்திலிருந்து காசிக்கு சைக்கிளில்

பொங்கல் முடிந்த கையோடு ராமேசுவரத்தில் சைக்கிளை மிதிக்கத் தொடங்கினேன். 37-ஆம் நாள் காசி. பிரயாகை வழியாகச் சுற்றிப் போனதில் தூரம் 2,500 கிலோமீட்டரைத் தொட்டுவிட்டது. கியர் சைக்கிள், கேரியரில் இரண்டு பக்கப் பைகள், துணைக்கு யாரும் இல்லை. இப்படிப் போக ஆசைப்படும் பெண்கள் என்னிடம் முதலில் கேட்பது, "வழியில ஆளுங்க எப்படி?" என்றுதான். அதனால் பார்த்த ஆட்களைப் பற்றியே எழுதுகிறேன்.

காசிக்குப் போக வேண்டும் என்பது எங்கள் அப்பத்தாவின் ஆசை. ராமேசுவரத்து மணலைப் பிரயாகையில் கரைத்து, கங்கைத் தண்ணீர் கொண்டுவந்து ராமநாதசுவாமிக்கு அபிஷேகம் செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். நடக்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய சுண்ணாம்பு டப்பாவைக் கழுவித் துடைத்து, அதில்தான் அக்னி தீர்த்தக் கரை மணலை அள்ளிக்கொண்டேன்.

பாம்பன் பாலத்தில் காற்று பக்கவாட்டில் அடித்துத் தள்ளியது. இறங்கித் தள்ளிக்கொண்டே கடந்தேன். இரண்டாம் நாள் மத்தியானம் திருவாடானை தாண்டி தேவகோட்டையை நெருங்கும்போது பழனிக்கு நடந்து போகிறவர்கள் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். தைப்பூச நடை. என் சைக்கிளைப் பார்த்ததும் ஓர் ஆச்சி கையைத் தட்டிக் கூப்பிட்டார். காசிக்கு என்றதும், "தனியாவா ஆத்தா?" என்றார். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு பயமுறுத்துகிற மாதிரி ஒரு வார்த்தை பேசவில்லை. 20 வருடத்துக்கு மேல் பழனிக்கு நடக்கிறவராம். "மொத மூணு நாளு ஒடம்பு கேக்குறதக் குடுத்துரு. நாலாம் நாள்லேருந்து அது ஒன் பேச்சக் கேக்கும்" என்று சொல்லி, உப்புப் போட்ட மோர் ஒரு சொம்பு கொடுத்தார். எத்தனையோ பயிற்சிக் குறிப்புகளைப் படித்துவிட்டுக் கிளம்பியிருந்தேன். அவர் சொன்ன அளவுக்கு எதுவும் உதவவில்லை. முதல் மூன்று நாளும் 60 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டவே இல்லை.

காரைக்குடியில் எங்கள் வீட்டுத் தெரு வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. வீட்டுக்குள் போனால் கிளம்ப மனசு வராது. அம்மாவுக்கும் அது தெரிந்திருக்கிறது. உள்ளே கூப்பிடவே இல்லை. வாசலிலேயே நின்று ஒரு டப்பா நிறைய மாவுருண்டையைப் பையில் வைத்து அழுத்தினார். பாசிப்பயற்று மாவு, சர்க்கரை, நெய், அவ்வளவுதான். 15 நாள் கெடாமல் வந்தது. மேட்டில் கால் துவண்டால் ஒன்று வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பேன்.

அப்புறம் திருமயம் சாலையில் கானாடுகாத்தான் திருப்பத்துக்குப் பக்கத்தில் முன் சக்கரம் பஞ்சர். சீமைக்கருவேல முள். நம் பக்கத்தில் சைக்கிள் ஓட்டுகிற யாருக்கும் அதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நிழல் தேடி ஊருக்குள் தள்ளிக்கொண்டு போனேன். தெரு முழுக்கப் பூட்டிய பெரிய வீடுகள். ஒன்றில் மட்டும் கதவு ஒருக்களித்திருந்தது. வீட்டைப் பார்த்துக்கொள்கிற பெரியவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். வெளியில் நிற்கட்டுமா என்று கேட்டதற்குப் பெரியவர், "திண்ணைய எதுக்குக் கட்டி வச்சிருக்காக? ஏறி ஒக்காரு ஆத்தா" என்றார்.

ஓர் அலுமினிய அண்டாவில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். டியூபைக் காற்றடித்து முக்கினால் இரண்டு இடத்தில் குமிழி வந்தது. ஒட்டுப் போட நான் பேட்சை எடுத்ததும் அவர் நிறுத்தினார். "டயருக்குள்ள முள்ளு நிக்கும். அதை எடுக்காம ஒட்டுனா பத்தடிக்கு ஒருக்கா நிப்ப." உள்பக்கம் துணியால் தடவிப் பார்த்தால் முனை ஒடிந்த முள் அங்கேயே இருந்தது. அதைப் பிடுங்கிவிட்டு, உப்புத் தாளால் தேய்த்து, சொல்யூஷன் காயும் வரை காத்திருந்து, இரண்டு ஒட்டையும் அவரே அழுத்திப் பிடித்தார்.

காய்கிற நேரத்தில் பேச்சு வந்தது. அந்த வீட்டுக்காரர்கள் பர்மாவில் கொடுக்கல் வாங்கல் செய்தவர்களாம். தூண் எல்லாம் பர்மாத் தேக்கு. ஆண்கள் மூன்று வருடக் கணக்குக்குக் கப்பல் ஏறிப் போவார்கள், பெண்கள் இந்த வீட்டைப் பார்த்துக்கொண்டு இங்கே இருப்பார்கள். நானும் இதையெல்லாம் கேட்டு வளர்ந்தவள்தான். ஆனால் அந்த அம்மா கதவோரம் நின்றபடி சொன்னது எனக்குப் புதிது. "எல்லாரும் போனவுக கதையத்தான் சொல்லுவாக. இத்தாம் பெரிய வீட்டுல மூணு வருசம் தனியா இருந்தாகளே, அவுகளுக்கும் தைரியம் வேணுமில்ல? நீ போயிட்டு வா ஆத்தா. வரையில எனக்குக் கொஞ்சம் கங்கைத் தண்ணி கொண்டா."

அன்று ராத்திரி திண்ணையில்தான் படுத்தேன். அந்த அம்மா பாயைப் போட்டு நிலைப்படிக்கு உள்பக்கம் படுத்துக்கொண்டார்.

போகப் போக அதே கேள்வி மொழி மாறி மாறி வந்தது. பெங்களூர்ப் பக்கம் "ஒப்பளேனா?" கர்னூலில் "ஒக்கதானிவேனா?" நாக்பூருக்கு முன்னால் "ஏக்டீச் கா?" அதைத் தாண்டினால் "அகேலி ஹோ?" என்ன மொழியானாலும் கேட்கிற விதத்தில் ஆளைத் தெரிந்துகொள்ளலாம். பெண்கள் கேட்டால் உண்மையைச் சொல்வேன். சொன்ன அடுத்த நிமிடம் தண்ணீரோ ரொட்டியோ வரும். ஆள் நடமாட்டமில்லாத சாலையில் பைக்கில் கூடவே வந்து கேட்கிறவனிடம் "எங்க ஆளுங்க பின்னால வேன்ல வர்றாங்க" என்றுதான் சொன்னேன். அந்தப் பொய்யை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

கசப்பான ஒன்றும் உண்டு. சேலம் தாண்டி ஓர் ஊரில் இருட்டுகிற நேரத்தில் ஒரு லாட்ஜில் அறை கேட்டேன். சாவிகள் பலகை நிறையத் தொங்கின. தனியாக வருகிற பெண்ணுக்குக் கொடுப்பதில்லை என்றார்கள். ஆதார் அட்டையைக் காட்டினேன், வீட்டு எண்ணைக் கொடுத்தேன், அசையவில்லை. பாதுகாப்புக்காக என்று வேறு சொன்னார்கள். இருட்டில் சாலைக்கு அனுப்புவது என்ன பாதுகாப்பு? அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. எதிரில் டீக்கடை வைத்திருந்த அக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். கடையைச் சாத்தும்போது, "சைக்கிளை உள்ள ஏத்து தங்கம்" என்றார், அவ்வளவுதான். அவர் மகளோடு படுத்துத் தூங்கினேன். அன்றிலிருந்து மூன்றரை மணிக்கெல்லாம் படுக்க இடம் கேட்க ஆரம்பித்துவிடுவேன். பெண்கள் இருக்கிற வீடு, கோயில், குருத்வாரா, குடும்பமாக நடத்துகிற தாபா, இந்த வரிசையில்.

அதிலாபாத் தாண்டிப் பருத்திக் காடுகளுக்கு நடுவில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்து முன்னால் நின்றது. பயந்துவிட்டேன். எண் பலகையில் டிஎன் 28. நாமக்கல் வண்டி! என் பையில் ஒட்டியிருந்த தமிழ் எழுத்தைப் பார்த்து நிறுத்தியிருக்கிறார்கள். "எந்த ஊரு தங்கச்சி?" காரைக்குடி என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. தமிழில் பேசிப் பத்து நாள் ஆகியிருந்தது. அந்த அண்ணன்கள் சாலையோரத்திலேயே அடுப்பு மூட்டி ரசம் சோறு ஆக்கிப் போட்டார்கள். நாக்பூர் தாண்டிப் பெஞ்ச் காட்டில் சாலை புலிகளுக்கு வழிவிட்டுத் தூண் மேல் போகும், வெயில் ஏறிய பிறகு நுழைந்து வெயில் தாழ்வதற்குள் வெளியேறிவிடு என்றும் சொன்னார்கள். அப்படியே செய்தேன்.

ஜபல்பூர், கட்னி, ரேவா எல்லாம் ஓட ஓட முடிந்தன. ரேவா தாண்டி சொஹாகி மலையிறக்கத்தில் மட்டும் இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடித்து மெல்ல இறங்கினேன். பிரயாகையில் படகில் போய் டப்பாவைத் திறந்தேன். அக்னி தீர்த்த மணல் ஒரு கைப்பிடிகூட இல்லை. தண்ணீரில் போட்டதும் நொடியில் காணாமல் போனது. டப்பாவை அலசி மறுபடியும் இடுப்பில் செருகிக்கொண்டேன்.

காசியில் இரண்டாம் நாள் சந்துக்குள் நடந்துகொண்டிருந்தபோது "சம்போ! சம்போ!" என்று குரல் கேட்டது. நாட்டுக்கோட்டை நகரச் சத்திரத்திலிருந்து விசுவநாதருக்குப் பூசைப் பொருட்களைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். தினமும் நடக்கிறது. சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டேன். எங்கள் ஊரிலிருந்து இங்கே வந்து போனவர்களை எல்லாம் நினைத்துக்கொண்டேன்.

ரயிலில் சைக்கிளைப் பார்சல் போட்டுத் திரும்பினேன். மூடி அடைத்த காசிச் சொம்பு இரண்டு. ஒன்று ராமேசுவரத்துக்கு. இன்னொன்றை எடுத்துக்கொண்டு கானாடுகாத்தானுக்கு சைக்கிளிலேயே போனேன். அந்த அம்மா சொம்பை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார். பெரியவர் என்னிடம் ஒன்றும் கேட்காமல் படியிறங்கிப் போய் முன் சக்கரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"நம்ம போட்ட ஒட்டா?"

"அதேதான் ஐயா. ரெண்டும் நிக்குது."