டர்போ டீசல் பிக்கப்பில் பூஸ்ட் மீட்டர், இஜிடி மீட்டர்: மேனிஃபோல்டில் ஓட்டை போட்டுத்தான் ஆகணுமா?

செந்தூல் டீசல் எழுதியது:

வணக்கம். என் வண்டி ஹைலக்ஸ் 2.5, மேனுவல், இன்டர்கூலர் உண்டு. செலாயாங்கிலிருந்து உரமூட்டை ஏற்றிக்கொண்டு கேமரன் மலைக்குப் போவது, இறங்கும்போது காய்கறி கொண்டு வருவது, இதுதான் அதற்கு வேலை. முன்பு வைத்திருந்தவர் எஞ்சின் சக்தியைக் கூட்டும் டியூனிங் பாக்ஸ் ஒன்று போட்டிருக்கிறார். இழுவை நன்றாக இருக்கிறது, ஆனால் தாப்பாவிலிருந்து ரிங்லெட் ஏறும்போது பின்னால் கரும்புகை, டர்போவுக்கும் பிஸ்டனுக்கும் என்ன ஆகுமோ என்ற கவலை மனதை விட்டுப் போகவில்லை. டேஷ்போர்டில் தண்ணீர் சூட்டைக் காட்டும் முள் எந்த மேட்டிலும் நடுவிலேயே நிற்கிறது. பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்), இஜிடி (எஞ்சின் விடும் புகையின் சூடு) இரண்டு மீட்டரும் போடலாம் என்று பார்த்தால் ஒரு ஃபோர்மன் (மெக்கானிக்) பூஸ்ட் மட்டும் போதும் என்கிறார், இன்னொருவர் இஜிடியை டர்போவுக்குப் பின்னால் பைப்பில் வைத்தால் போதும், சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து டர்போவுக்குக் கொண்டுபோகும் மேனிஃபோல்டைத் தொடவே வேண்டாம் என்கிறார். எது சரி? போட்டவர்கள் சொல்லுங்கள்.

பட்டர்வொர்த் லோரிக்காரர் எழுதியது:

தம்பி, ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் இஜிடியை வாங்குங்கள். பூஸ்ட் மீட்டர் எவ்வளவு காற்று போகிறது என்று மட்டும் சொல்லும், அந்தக் காற்றுக்கு மேல் டீசல் போகிறதா என்பது புகைச் சூட்டில்தான் தெரியும். டீசல் எஞ்சினில் டீசல் கூடக் கூடச் சூடு ஏறும். உங்கள் டியூனிங் பாக்ஸ் பெரும்பாலும் ரயில் பிரஷர் (இன்ஜெக்டர்களுக்குப் போகும் டீசலின் அழுத்தம்) சென்சார் அனுப்பும் அளவைக் குறைத்துக் காட்டி, பம்ப்பை அதிகமாக அழுத்த வைக்கிற வகையாக இருக்கும். டீசல் கூடிவிட்டது, டர்போ பழைய டர்போதான். கரும்புகை அதைத்தான் சொல்கிறது.

ஆனால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் முழு விஷயமும் புரியும், நான் லோரியிலும் பிக்கப்பிலும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். வழக்கமாக ஏறுகிற அதே மேடு, அதே சுமை, வழக்கமாக 1.2 பார் காட்டும் முள் 0.8-இல் நின்று இஜிடி மட்டும் ஏறினால் காற்று எங்கோ குறைகிறது: இன்டர்கூலர் ஹோஸ் கிளிப் தளர்ந்திருக்கும், ஹோஸ் கீறியிருக்கும், அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும். பூஸ்ட் சரியாக இருந்து இஜிடி ஏறினால் இன்ஜெக்டர் பக்கம் பாருங்கள். இரண்டும் சேர்ந்து குறைந்து வண்டி இழுக்கவில்லை என்றால் முதலில் டீசல் ஃபில்டர்.

டர்போவுக்கு முன்னால் வைத்த மீட்டரில் 700 டிகிரியை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். ஓவர்டேக் எடுக்கும்போது சில விநாடி தாண்டினால் பரவாயில்லை, ஒரு மேடு முழுக்க அங்கேயே நிற்கக் கூடாது. அலுமினியம் உருகுவது 660 டிகிரியில், பிஸ்டன் அலுமினியக் கலவை. ஒவ்வொரு சுற்றிலும் புதுக் காற்று உள்ளே வருவதாலும் அடியிலிருந்து ஆயில் குளிர்விப்பதாலும்தான் அது தாங்குகிறது. இஜிடி ஏறினால் 4-ஆம் கியரில் காலை அழுத்திக்கொண்டே போகாமல் 3-க்கு இறக்குங்கள். வேகம் அதேதான், சுற்று கூடிக் காற்று அதிகம் போகும், முள் கண்ணெதிரே இறங்கும்.

ஈப்போ ரோடு ஓபிடி எழுதியது:

அண்ணன் சொன்னது சரி, ஆனால் வாரண்டி இருக்கிற புது வண்டிக்கு மேனிஃபோல்டைத் துளைக்க நான் சொல்ல மாட்டேன். முதலில் வண்டியின் ஓபிடி சாக்கெட்டில் (எஞ்சின் கம்ப்யூட்டரின் தகவலைப் படிக்கும் இடம்) செருகும் புளூடூத் அடாப்டர் ஒன்று வாங்கிப் போனில் பாருங்கள், பூஸ்ட் அதிலேயே வரும். அது வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்துக் காட்டும், ஆகையால் 220 கிலோபாஸ்கல் என்றால் 100-ஐக் கழித்து 1.2 பார் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். டிபிஎஃப் (புகைக்கரி வடிகட்டி) உள்ள சில புது வண்டிகளில் புகைச் சூடும் கிடைக்கிறது. பழைய ஹைலக்ஸில் அந்த சென்சார் இருக்காது, இஜிடிக்குத் தனி மீட்டர்தான் வழி. பைப்பில் வைப்பதும் வீண் இல்லை, ஒரு பாஸ் (சென்சாரைத் திருகும் திரெட் வளையம்) வெல்டிங் செய்தால் முடிந்தது.

ரவாங் பட்டறை எழுதியது:

பைப்பில் வைக்கலாம், ஆனால் அந்த எண்ணை நம்பி மலையில் ஓட்ட முடியாது. டர்போ புகையின் சூட்டை எடுத்துத்தான் சுற்றுகிறது, அதனால் பின்னால் குறைத்துத்தான் காட்டும். எவ்வளவு குறைவு என்பதும் நிலையாக இருக்காது: சும்மா ஓடும்போது கொஞ்சம்தான் வித்தியாசம், முழுச் சுமையில் 150 டிகிரிக்கு மேலும் போகும். எப்போது உண்மை வேண்டுமோ அப்போதுதான் அது அதிகம் தப்பாகச் சொல்லும்.

மேனிஃபோல்டில் போடுவதற்குப் பயம் வேண்டாம், கவனம் வேண்டும். 4 சிலிண்டரின் புகையும் ஒன்றுசேரும் இடத்தில், டர்போ ஃபிளேஞ்சுக்குச் சற்று முன்னால் துளையுங்கள், ஒரே சிலிண்டரின் குழாயில் வைத்தால் அந்த ஒன்றின் கதை மட்டும்தான் தெரியும். 8.5 மில்லி டிரில், பிறகு திரெட் வெட்ட 1/8 என்பிடி டாப். பெரிய பயம் இரும்புத் துருவல்தான், அது டர்பைன் இறக்கையில் பட்டால் டர்போ காலி. மேனிஃபோல்டைக் கழற்றிச் செய்வதுதான் நல்லது, புது கேஸ்கெட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பழைய வண்டியில் ஸ்டட் ஒடிய வாய்ப்புண்டு என்பதால் முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் அடித்து விடுங்கள். கழற்றாமல் செய்கிறவர்கள் டிரில் நுனியில் கிரீஸ் தடவி, கொஞ்சம் கொஞ்சமாகத் துளைத்து, ஒவ்வொரு தடவையும் துடைத்துக் காந்தம் விட்டு எடுப்பார்கள். அது முடியும், ஆனால் என் பட்டறையில் கழற்றித்தான் செய்வேன். தெர்மோகப்பிள் (இஜிடி மீட்டரின் சூடு உணரும் கம்பி) முனை குழாயின் நடுவுக்கு வரணும், சுவரோடு ஒட்டியிருந்தால் குறைவாகக் காட்டும். திரெட்டில் ஆன்டி சீஸ் தடவுங்கள், இல்லாவிட்டால் பின்னால் கழற்றவே முடியாது.

பூஸ்ட் சுலபம். இன்டர்கூலருக்குப் பின்னால், இன்டேக் மேனிஃபோல்டில் எடுங்கள். இசியு (எஞ்சின் கம்ப்யூட்டர்) சென்சாருக்குப் போகும் ஹோஸில் டி (மூவழி இணைப்பு) போட்டு எடுக்காதீர்கள், அங்கே சின்னக் கசிவு வந்தாலும் இசியு தப்பாகக் கணக்குப் போடும். வாங்கும்போது 0 முதல் 2 பார் வரை காட்டும் மீட்டரைக் கேளுங்கள். பெட்ரோல் வண்டி மீட்டரில் பாதி இடம் வேக்யூமுக்கே போய்விடும், டீசலில் அதற்கு வேலை இல்லை.

செந்தூல் டீசல் எழுதியது:

ரொம்ப நன்றி. இரண்டும் போட்டுவிடுகிறேன், மேனிஃபோல்டைக் கழற்றித்தான். அதுவரை டியூனிங் பாக்ஸைக் கழற்றி வைத்திருக்கிறேன். இன்னொரு சந்தேகம்: மீட்டரை ஏ பில்லரில் (முன்கண்ணாடி ஓரத் தூணில்) வைக்க இருக்கிறேன், தெர்மோகப்பிள் வயர் அதுவரை எட்டாது போலிருக்கிறது. சாதாரண வயரில் ஒட்டு போடலாமா?

ரவாங் பட்டறை எழுதியது:

கூடாது. அது கே டைப் தெர்மோகப்பிள், இரண்டு உலோகம் சேரும் இடத்தில் வரும் மில்லிவோல்ட்டைத்தான் மீட்டர் படிக்கிறது. நடுவில் செம்பு வயர் வந்தால், எஞ்சின் பக்கத்துச் சூட்டில் அந்த ஒட்டிலேயே கணக்கு மாறிவிடும். கே டைப் எக்ஸ்டென்ஷன் வயர் என்றே கேட்டு வாங்குங்கள், பிளஸ் மைனஸ் மாறாமல் இணையுங்கள், டர்போவிலிருந்து தள்ளிக் கொண்டுபோய் ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுச் சுவர்) ரப்பர் வழியாக உள்ளே விடுங்கள். மீட்டருக்கு கரண்ட் சாவி போட்டால் வரும் ஃபியூஸிலிருந்து, தனி ஃபியூஸோடு. போட்டு முடித்ததும் கோம்பாக் டோலிலிருந்து கெந்திங் செம்பா வரை சுமையோடு ஒரு தடவை ஏறிப் பாருங்கள், இரண்டு முள்ளும் எங்கே நிற்கிறது என்று எழுதி வையுங்கள். மேலே நின்றதும் உடனே அணைக்காமல் 200 டிகிரிக்கு இறங்கும்வரை ஐடிலில் விடுங்கள், இல்லாவிட்டால் டர்போ பேரிங்கில் ஆயில் கருகும். அந்த எண்களை இங்கே போடுங்கள், பாக்ஸைத் திரும்ப மாட்டலாமா என்று அப்போது சொல்கிறேன்.