சந்தேகம்: ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வண்டிக்குக் குறைந்த விலையில் பழைய சைலன்சர் – எதைப் பார்த்து வாங்குவது?

சத்துவாச்சாரிவாசி:
வணக்கம். என் வண்டி 2013-ஆம் ஆண்டு கிளாசிக் 350, கார்பரேட்டர் மாடல். பல மழைக்காலம் பார்த்த சைலன்சரின் அடிப்பக்கம் கட்டைவிரல் நுழையும் அளவுக்குத் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. வேலூர் சிஎம்சி மருத்துவமனை அருகே ஒரு மருந்துக் கடையில் வேலை. இரவு பத்தரை மணிக்குக் கடையை அடைத்துவிட்டு வண்டியை எடுத்தால், வெளியூரிலிருந்து வைத்தியத்துக்கு வந்து நடைபாதையில் படுத்திருப்பவர்கள் திடுக்கிட்டு எழுந்து உட்காருகிறார்கள். மூன்று நாட்களாக வண்டியை மெயின் ரோடு வரை தள்ளிக்கொண்டு போய்த்தான் ஸ்டார்ட் செய்கிறேன்.

கையில் 2,500 ரூபாய் இருக்கிறது. இரண்டு சைலன்சர்கள் பார்த்திருக்கிறேன். ராணிப்பேட்டையில் ஒருவர் கழற்றி வைத்திருக்கும் வெளித்தயாரிப்பு (வண்டிக் கம்பெனியுடையது அல்ல) ஒன்று. துருப்பிடிக்காத எஃகு என்கிறார், 2,200 கேட்கிறார். மற்றொன்று பழைய உதிரிபாகக் கடையில் உள்ள குட்டை சைலன்சர், 1,200. எதை வாங்கலாம்? ஆக்சிலரேட்டரை விட்டதும் பட்பட்டென்று வெடிக்கவும் செய்கிறது. அதுவும் ஓட்டையால்தானா?

காட்பாடி நண்பன்:
வாங்குவதற்கு முன் வெல்டிங் வைத்துப் பார்த்தீர்களா? செலவு மிகக் குறைவு.

சத்துவாச்சாரிவாசி:
வைத்தேன் அண்ணா. பத்து நாள் தாங்கியது. பிறகு ஒட்டுக்குப் பக்கத்திலேயே புதிதாக ஓர் ஓட்டை விழுந்துவிட்டது.

ஆம்பூர் பழைய பட்டறை:
தம்பி, முப்பது ஆண்டுகள் பட்டறை நடத்தியவன் சொல்கிறேன். இனி வெல்டிங் வேண்டாம். தகடு உள்ளிருந்து அரித்துக் காகிதமாகிவிட்டது. பெட்ரோல் எரியும்போது தண்ணீரும் உண்டாகிறது. நீண்ட தூரம் ஓடும் வண்டியில் சைலன்சர் நன்றாகச் சூடாகி அது ஆவியாக வெளியேறிவிடும். தினமும் நாலைந்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தும் வண்டியில் அடியில் தேங்கி நிற்கும். வேலூர் வெயில் வெளிப்பக்கத்தைக் காய வைக்கும், உள்ளே எட்டாது. அதனால் எதை வாங்கினாலும் வாரம் ஒருமுறை பள்ளிகொண்டா வரையாவது ஓட்டிவிட்டு வாருங்கள்.

அந்த வெடிப்புக்குச் சைலன்சர் ஓட்டை மட்டும் காரணமாக இருக்காது. எஞ்சின் ஹெட்டும் (எஞ்சினின் மேல்பாகம்) பெண்டு பைப்பும் (அங்கிருந்து சைலன்சருக்குப் போகும் வளைந்த குழாய்) சேருமிடத்தைப் பாருங்கள். கரி படிந்து கறுத்திருந்தால், கசியாமல் அடைக்கும் வளையமான கேஸ்கெட் போய்விட்டது. ஆக்சிலரேட்டரை விடும்போது அந்த இடைவெளி வழியே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். எரியாமல் மிச்சமிருக்கும் பெட்ரோல் ஆவி அதோடு சேர்ந்து சூடான குழாயில் வெடிக்கும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, சைலன்சர் வாயை ஈரத்துணியால் சில விநாடிகள் பாதி மூடுங்கள். புஸ்ஸென்ற சத்தம் எங்கே கேட்கிறதோ அங்கேதான் கசிவு. இதைக் கவனிக்காமல் 2,200 கொடுத்து எதை மாட்டினாலும் வெடிப்பு நிற்காது. நட்டு கழற்ற வராவிட்டால் முரட்டுத்தனமாகத் திருகாதீர்கள். முதல் நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊற வையுங்கள். அலுமினிய ஹெட்டில் ஸ்டட் (நட்டு மாட்டும் மரை ஆணி) உடைந்துபோனால் சைலன்சர் விலையைவிட அந்த வேலைக்கு அதிகம் ஆகும்.

பழைய சைலன்சரைக் கையில் தூக்கிக் குலுக்குங்கள். உள்ளே கலகலவென்றால் பேஃபிள் (சத்தத்தை அடக்கும் உள்பாகம்) கழன்றுவிட்டது, விட்டுவிடுங்கள். அடிப்பக்கம் நெடுக விரல் முட்டியால் தட்டுங்கள். கணீரென்று வந்துகொண்டிருந்த ஒலி ஓரிடத்தில் மட்டும் மொத்தென்று மாறினால் அங்கே தகடு போய்விட்டது. பளபளப்பையும் புதுப் பெயின்டையும் நம்ப வேண்டாம். காந்தம் ஒட்டினால் துருப்பிடிக்காத எஃகு இல்லை என்று சிலர் சொல்வார்கள். அது முழு உண்மையில்லை, சைலன்சருக்குப் பயன்படும் அந்த எஃகிலேயே காந்தம் ஒட்டும் ரகமும் உண்டு. வெல்டிங் தையல் ஓரங்களில் செம்மண் நிறத்தூள் இருக்கிறதா என்று பாருங்கள், அது ஏமாற்றாது.

முக்கியமாக, வாய்ப்பக்க உள்விட்டத்தை வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்து, உங்கள் பெண்டு பைப்பின் வெளிவிட்டத்தோடு ஒப்பிடுங்கள். தகரத் துண்டு சுற்றி மாட்டிக்கொள்ளலாம் என்பார்கள். அது ஒரு மாதம்கூட நிற்காது.

ஆற்காடு சாலை:
1,200 ரூபாய் குட்டை சைலன்சரையே வாங்கலாம் என்பேன். நான் இரண்டு ஆண்டுகள் ஓட்டினேன். கார்பரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கினால் இழுவை நன்றாகவே இருக்கும். பேஃபிள் தனியாக வாங்கிப் போட்டுக்கொண்டால் சத்தமும் அடங்கும்.

ஆம்பூர் பழைய பட்டறை:
ஜெட் மாற்றினால் ஓடும், மறுக்கவில்லை. ஆனால் இந்தத் தம்பி கேட்பது இழுவையை அல்ல, அமைதியை. குட்டை உடம்புக்குள் சத்தத்தை அடக்குவதற்கு இடமே கிடையாது. உள்ளே வைத்திருக்கும் கிளாஸ் வூல் (கண்ணாடி இழைப் பஞ்சு) எரிந்து தீர்ந்ததும் வெற்றுக்குழாய் போலத்தான் கத்தும். பழையதாக வாங்குகிறபோது அது ஏற்கெனவே தீர்ந்திருக்கும்.

கோட்டை மதில்:
சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 175 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வாகனத்துக்குத் தயாரிப்பு நிலையில் ஒலி வரம்பு 80 டெசிபல். மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி, 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஒலி மாசு விதியை மீறினால் முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஓட்டுநர் உரிமத்துக்கும் மூன்று மாதத் தகுதியிழப்பு உண்டு. மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலம் என்கிறது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. நீங்கள் வேலை பார்ப்பதே அங்கேதான்.

குடியாத்தம் மெக்கானிக்:
ஒன்றை எல்லோரும் மறந்துவிட்டோம். புது புல்லட் வாங்கும் இளைஞர்களில் பலர் முதல் மாதத்திலேயே கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டுச் சத்தம் போடுவதை மாட்டிக்கொள்கிறார்கள். கழற்றியது எங்கே போகிறது? மெக்கானிக் கடைப் பரணில் சாக்கு சுற்றிக் கிடக்கிறது. என் கடையிலேயே இரண்டு கிடக்கின்றன. ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடாதவை. வெளித்தயாரிப்பைத் தேடி ராணிப்பேட்டை போவதற்கு முன், உங்கள் பகுதியில் புல்லட் வேலை பார்க்கும் நாலு கடைகளில் கேளுங்கள். 2020-க்கு முந்தைய வண்டியில் கழற்றியதா என்று கேட்டு, அதிலும் அளந்து பார்த்து வாங்குங்கள். அதற்குப் பிறகு வந்த வண்டிகளுடையது உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

சத்துவாச்சாரிவாசி:
எல்லோருக்கும் மிக்க நன்றி. ஆம்பூர் ஐயா சொன்னதுபோல ஈரத்துணி வைத்துப் பார்த்தேன். ஹெட் பக்கம்தான் புஸ்ஸென்றது. கேஸ்கெட் தேய்ந்து பாதிதான் இருந்தது. ஒரு நட்டு வரவே இல்லை. இரண்டு நாள் எண்ணெயில் ஊறவிட்ட பிறகு வந்தது.

சைலன்சருக்காக நாலு கடைகள் ஏறி இறங்கினேன். நாலாவது கடையில் பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தார்கள், கம்பெனி சைலன்சர், 1,500 ரூபாய். வாய்ப்பக்கம் உள்ளே கரிகூட அதிகமில்லை. வெளியே ஒரு கீறல், அவ்வளவுதான். புதுக் கேஸ்கெட், புதுக் கிளாம்ப் எல்லாம் சேர்த்தும் 2,000 தாண்டவில்லை. வெடிப்பு நின்றுவிட்டது. நேற்றிரவு கடை வாசலிலேயே ஸ்டார்ட் செய்தேன். பக்கத்தில் படுத்திருந்த பெரியவர் புரண்டுகூடப் படுக்கவில்லை.

ஒரு சந்தேகம் மட்டும்: முதல் நாள் லேசாகப் புகை வந்தது. ஏதாவது தவறாக மாட்டியிருப்பேனா?

ஆம்பூர் பழைய பட்டறை:
பரணில் கிடந்த தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் எரிந்திருக்கும். நாலு நாளில் நிற்கும். நிற்காமல் நீலமாகத் தொடர்ந்தால் எஞ்சின் ஆயில் அளவைப் பாருங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் எஞ்சின் ஆறிய பிறகு கிளாம்ப்பையும் ஹெட் நட்டுகளையும் ஒருமுறை இறுக்கிவிடுங்கள். புதுக் கேஸ்கெட் சூட்டில் அமுங்கும்.