ராப் பிலாட் இத்தனை வருடம் எப்படித் தாங்கினார்?

கேள்வி: கெமிக்கல் கம்பெனிகளுக்காக வேலை பார்த்த அமெரிக்க வக்கீல் ராப் பிலாட், டூபாண்ட் என்ற பெரிய கெமிக்கல் கம்பெனி மேலேயே ஏன் வழக்குப் போட்டார்? ஜெயித்தால்தான் ஃபீஸ் என்றால் எப்படி ஓட்டினார்?

பதில் 1: 1998-இல் மேற்கு வர்ஜீனியா விவசாயி ஒருவர், டூபாண்ட் கழிவால் மாடுகள் ஒவ்வொன்றாகச் சாகின்றன என்று அட்டைப்பெட்டி நிறைய வீடியோ கேசட்டோடு வந்தார். பிலாட்டின் பாட்டி வாழ்ந்த பக்கம் அது, தட்ட முடியவில்லை. அப்புறம் வழக்குக்காக டூபாண்ட் கொடுத்த 1,10,000 பக்க ஆவணங்களை ஆபீஸ் தரையில் உட்கார்ந்து மாதக்கணக்கில் தேதிவாரியாக அடுக்கினார், வழக்கு ஜெயித்ததே அந்தத் தரையில்தான் என்பேன்.

பதில் 2: சரி, ஃபீஸுக்கு வருகிறேன். டூபாண்டின் PFOA என்ற கெமிக்கல் கலந்த குடிநீரைக் குடித்த ஊர்க்காரர்களுக்காகப் போட்ட வழக்கில், 2004 சமரசத்தில் கொஞ்சம் வந்தது. ஆனால் அந்த ஊர்க்காரர்கள் சுமார் 69,000 பேர் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்து, அந்தக் கெமிக்கலுக்கும் 6 நோய்களுக்கும் தொடர்பு உண்டென்று விஞ்ஞானிகள் சொல்லி முடிக்க 2012 ஆகிவிட்டது. அதற்குள் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்களோ, நினைத்தாலே வயிறு எரிகிறது. 67.1 கோடி டாலர் இழப்பீடு முடிவானது 2017-இல்.