தையல் சொல் கேளேல்: பிள்ளைக்கு வாசிக்கும்போது நா தடுமாறிய இடங்கள்

விசுவமடுவிலிருந்து ஒரு தாய்

ஆறு வயது மகனுக்கு ஆத்திசூடி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். 'தேசத்தோடு ஒட்டி வாழ்' என்பதற்கு அடுத்ததாக, சிறுவயதில் மனனம் செய்த அதே வேகத்தில் 'தையல் சொல் கேளேல்' என்று சொல்லிவிட்டேன். அவன் சுவரோரம் இருந்த தையல் இயந்திரத்தைத் திரும்பிப் பார்த்து, "அம்மா, அது கதைக்குமோ? ஏன் அது சொல்லுறதைக் கேக்கக்கூடாது?" என்றான். இங்கே தையல் என்றால் பெண் என்று விளக்கினேன். உடனே அவன் பார்வை இயந்திரத்திலிருந்து அதன் முன்னால் அமர்ந்திருந்த அம்மம்மாவுக்கு மாறியது.

2009இல் எந்தப் பாதையால் போவது, எதைச் சுமப்பது, எதை விட்டுவிடுவது என்று எங்கள் வீட்டில் தீர்மானித்தவர் என் அம்மா. அவர் சொல்லைக் கேட்டதனால்தான் நாங்கள் மூன்று பெண்பிள்ளைகளும் உயிரோடு இருக்கிறோம். மீள்குடியேறிய பின்னர் அந்த இயந்திரத்தில் பாடசாலைச் சீருடை தைத்துத்தான் அவர் எங்களைப் படிப்பித்தார். மகன் பார்த்தபோது அம்மாவின் கால் மிதிப்பதை நிறுத்தியிருந்தது. "அடுத்ததைச் சொல்லு ராசா" என்று மட்டும் சொன்னார். அடுத்தது 'தொன்மை மறவேல்'. அதைச் சொல்ல எனக்குக் குரல் வரவில்லை.

முல்லைத்தீவிலிருந்து ஒரு தந்தை

எனக்கு இது வெற்றிவேற்கையில் நேர்ந்தது. வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலுக்குப் போய் வந்த மறுநாள், கடல்நீரில் விளக்கெரிவதைக் கண்ட வியப்பு இன்னும் தீராமலிருந்த என் இளைய மகளுக்கு, 'பெண்டிர்க்கு அழகு எதிர் பேசாதிருத்தல்' என்று வாசித்தேன். அவள் சற்று யோசித்துவிட்டு, "அப்ப கண்ணகி அம்மன் வடிவில்லையோ அப்பா?" என்று கேட்டாள். பாண்டியன் அவையில் 'தேரா மன்னா' என்று நிமிர்ந்து நின்று பேசியவளை முதல் நாள் கும்பிட்டுவிட்டு வந்த வாயால்தான் அந்த வரியை வாசித்திருந்தேன். எழுத்தறிவித்தவன் இறைவன் என்று சொல்லும் நூல் அது; பிச்சை எடுத்தாவது படிக்கச் சொல்லும் நூலும் அதுவே. அதைத் தூக்கி எறிய எனக்கு மனமில்லை. ஆனால் அந்தப் பக்கத்தை மறுபடி அவள் முன்னால் விரிக்கவும் முடியவில்லை.

பரந்தனிலிருந்து ஒரு தந்தை

நீங்கள் நீதி நூல்களைப் பற்றி எழுதுகிறீர்கள். என்னை உறுத்துவது ரொபின்சன் குருசோ. 1996இல் கிளிநொச்சியை விட்டு அக்கராயன் பக்கம் இடம்பெயர்ந்து இருந்த காலத்தில், அட்டை இல்லாத ஒரு தமிழ்ச் சுருக்கத்தை மரத்தடியில் இருந்து எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை. உடைந்த கப்பலிலிருந்து அவன் அரிசியையும் தச்சுக் கருவிகளையும் கரைசேர்க்கும் பகுதியைப் படிக்கும்போதெல்லாம், கூரைத் தகரத்தையும் கதவு நிலையையும் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிய என் அப்பாதான் கண்ணுக்குள் நிற்பார். குருசோ எங்கள் ஆள் என்றே நம்பி வளர்ந்தேன்.

இப்போது மகளுக்காக முழு நூலையும் தேடி எடுத்துப் படித்துச் சொன்னேன். 1719இல் வெளிவந்த நூல் அது. உடைந்த அந்தக் கப்பலில் குருசோ ஏறியதே ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவதற்காகத்தான். அதற்கு முன்னர், தன்னோடு தப்பிவந்து தனக்காக உயிரையே கொடுக்கத் தயாராக இருந்த சூரி என்ற சிறுவனை, ஒரு கப்பல் தலைவனுக்கு அறுபது வெள்ளி நாணயத்துக்குக் கொடுத்துவிடுகிறான். இவை ஒன்றுமே நான் படித்த சுருக்கத்தில் இருக்கவில்லை. தீவில் தான் காப்பாற்றிய மனிதனுக்கு, அவனைக் காப்பாற்றிய நாளான வெள்ளிக்கிழமையின் பெயரை வைக்கிறான். அடுத்ததாகத் தன்னை 'எசமான்' என்று அழைக்கக் கற்பிக்கிறான். மகள் இடைமறித்து, "அவனுக்கு அவன்ர அம்மா வைச்ச பேர் என்ன?" என்று கேட்டாள்.

புத்தகத்தின் கடைசிப் பக்கம் வரை தேடினேன். அந்தப் பெயர் எங்கும் இல்லை. முகாமில் எங்கள் கூடாரத்துக்கு ஓர் இலக்கம் இருந்தது. ஒலிபெருக்கியில் அந்த இலக்கம் கேட்டால்தான் நாங்கள் எழும்பிப் போக வேண்டும். அதை அனுபவித்த நான் இத்தனை ஆண்டுகளாக அந்த மனிதனின் பெயரைப் பற்றி ஒருமுறையேனும் யோசிக்கவில்லையே என்பதுதான் இன்றும் மனதைக் குடைகிறது.

வவுனியாவிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர்

விசுவமடுச் சகோதரியின் வருத்தம் எனக்கு விளங்குகிறது; அதற்காக அந்த வரியையே விட்டுவிடுவதை மட்டும் ஏற்கமாட்டேன். 'தையல் சொல்' என்பதை மனத்தைத் தைக்கின்ற சொல் என்று பொருள்கொள்வோரும் உளர். நானும் வகுப்பில் அப்படித்தான் விளக்கினேன். ஒரு மாணவி மட்டும் என்னை நம்பாதவள் போல் பார்த்துக்கொண்டிருந்தாள். அது கிடக்கட்டும்.

பெற்றோருக்கு நான் சொல்ல விரும்புவது வேறு. எந்த வரியையும் வெட்டாதீர்கள். இன்று நீங்கள் மறைக்கும் வரியைப் பிள்ளை நாளை வேறொருவர் வாயிலிருந்து, விளக்கம் எதுவும் இல்லாமல் கேட்கும். ஒரு நாளைக்கு ஐந்து வரிகளுக்கு மேல் சொல்லிக்கொடுக்காதீர்கள். பொருளைப் பிள்ளையிடமே முதலில் கேளுங்கள். 'சாதி இரண்டொழிய வேறில்லை' என்று நல்வழியில் பாடியதும் ஔவையார்தான் என்பதை அதே நாளில் சொல்லுங்கள். ஒரே பெயரில் அறியப்படும் பாடல்களுக்குள்ளேயே ஏற்கத்தக்கதும் தகாததும் அருகருகே இருக்கின்றன என்று பிள்ளை ஏழெட்டு வயதிலேயே அறிந்துகொள்வது நல்லது. குருசோவைப் பொறுத்தவரையில், அதைப் பன்னிரண்டு வயதுக்குப் பின்னர் முழுமையாகக் கொடுங்கள். சுருக்கிய பதிப்புகள் பெரும்பாலும் கதையின் குற்றத்தை நீக்கிவிட்டு வீரத்தை மட்டும் விட்டுவைக்கின்றன. நம் பரந்தன் நண்பர் ஏமாந்தது அதனால்தான். வீட்டில் ஒரு கொப்பி வைத்து, பிள்ளை மறுக்கும் வரிகளைத் திகதியிட்டு எழுதச் சொல்லுங்கள்.

மாங்குளத்திலிருந்து ஒரு தாய்

ஆசிரியர் ஐயா, உங்கள் மாணவி நம்பாமல் பார்த்தது சரியானது என்றே நினைக்கிறேன். தையல் என்பது தைக்கும் சொல்லாக இருந்தால், பாரதியார் தமது புதிய ஆத்திசூடியில் அதே இடத்தில் 'தையலை உயர்வு செய்' என்று எழுதியிருக்க மாட்டார். அடுத்த வரியையும் அவர் 'தொன்மைக்கு அஞ்சேல்' என்று மாற்றினார். 'பேதைமை என்பது மாதர்க்கு அணிகலம்' என்று கொன்றைவேந்தன் சொல்கிறதே, அதற்கு என்ன புதுப்பொருள் காண்பது? பிழையைப் பிழை என்று ஒப்புக்கொண்டால் ஔவையார் சிறுத்துப்போக மாட்டார். நான் என் மகளுக்கு இரண்டு ஆத்திசூடிகளையும் சொல்லிக்கொடுக்கிறேன். அவள் எதை உரத்துச் சொல்கிறாள் என்பது பக்கத்து வளவுக்கே தெரியும்.

விசுவமடுத் தாய், மீண்டும்

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை மகன் தகர வரிசையை என் அம்மாவிடம் ஒப்புவித்தான். 'தேசத்தோடு ஒட்டி வாழ்' வரை வந்தவன், அங்கே நிறுத்தி, அம்மம்மாவின் முகத்தைப் பார்த்தான். அம்மா அந்த வரியைத் தானே மெதுவாகச் சொன்னார். பிறகு, "எனக்குக் கண் தெரியேல்லை, இந்த ஊசியிலை நூலைக் கோத்துத் தா ராசா" என்றார். அவன் உடனே எழும்பிப் போய்க் கோத்துக் கொடுத்தான்.